ஷெட் போட்ட வீடு

என் புருஷன் செத்துப்போன செய்தியை எனக்குச் சொன்னவள் நவுவாவிலிருந்து வந்த சுஷீலா. அப்போது நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

சுஷீலா என் சித்தி மகள். டாக்சியை விட்டு இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்து வைத்த வெள்ளைச் சேலை. எனக்குத்தான், வேறு யாருக்கு? "அக்கா, மாமா நம்மள விட்டுப் போயிட்டாரே!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தவள், கட்டிலில் சாய்ந்திருந்தவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் உதட்டோரம் கஞ்சி வழிந்தது. துடைத்துவிட்டேன்.

"யாருடி சொன்னது?"

"பேஸ்புக்ல போட்டிருக்குதே அக்கா. போட்டோவோட."

போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீடு. முற்றத்தில் நேற்று பந்தலாகப் போட்ட ஷெட், அதன் மேல் நீலத் தார்ப்பாய், அடியில் கிரோக் என்று நாங்கள் குடிக்கிற வேர்ச்சாறு கரைத்த சட்டியைச் சுற்றித் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நாலு ஆண்கள். மேலே, 'என் பெரியப்பா அப்பலசாமி இன்று இல்லை, ஓம் சாந்தி.' போட்டவள் காஜல், இவருடைய தம்பி மகள். சுவாவில் ஆபீஸ் வேலை. தினமும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மினிபஸ்ஸில் போகிறாள்.

அந்த ஷெட் சாவுக்குப் போட்டது இல்லை. பக்கவாதம் வந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் உயிரோடு வீடு திரும்பினால் மாரியம்மனுக்குப் பூஜை செய்கிறேன் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கோயில்காரர்கள் வந்து மூங்கில் நட்டுவிட்டு, களைப்பாற ஆளுக்கு நாலு கிண்ணம் குடித்தார்கள். அவ்வளவுதான்.

காஜலைக் கூப்பிட்டேன்.

"அரே பெரியம்மா, ஷெட்டப் பாத்தேன். செவ்வாக்கிழமை எவன் ஷெட் போடுவான்? கல்யாணம்னா வெள்ளி, சனிதானே. அதான் நெனச்சிட்டேன்."

"எறங்கி வந்து பாத்தா என்னடி? நாப்பது அடி இருக்குமா?"

"மினிபஸ் போயிடுமே பெரியம்மா."

"சரி, அத அழிச்சிடு மொதல்ல."

"அழிக்கறேன். ஆனா எரநூறு பேருக்கு மேல கமெண்ட் போட்டிருக்காங்க. இப்ப எடுத்தா என்னப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

போனை வைத்துவிட்டேன். இதற்கு மேல் பேசியிருந்தால் என் வாயில் வந்திருக்கக்கூடிய வார்த்தைகளைப் பூஜை வைத்திருக்கும் வீட்டில் சொல்லக்கூடாது.

எண்பத்தேழில் இந்தத் தீவில் முதல் ராணுவப் புரட்சி வந்தபோது இவருடைய அண்ணன்கள் இரண்டு பேரும் கனடாவுக்குப் போனார்கள். இரண்டாயிரத்தில் என் தம்பிகள் சிட்னிக்கு. இரண்டாயிரத்து ஆறில் மறுபடியும் சிப்பாய்கள் ரோட்டுக்கு வந்ததும், இனி இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஒரே மகன் ஜெய்யை நாங்களே பிரிஸ்பேனுக்கு அனுப்பினோம். அந்த நாட்களில் லைன் கிடைக்காது. கிடைத்தாலும் இரையும். ஆனாலும் வெளிநாடு போனவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்து, "உயிரோட இருக்கீங்களா?" என்று முதலில் கேட்டார்கள். கேட்ட பிறகுதான் அழுதார்கள். இப்போது ஆளுக்கு ஒரு போன் கையில் இருக்கிறது. ஒருவன் கேட்கவில்லை. எல்லாரும் நேராக அழப் போய்விட்டார்கள். அழுதார்களா என்ன? கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சியை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். பத்து வருஷமாக ஒரு தீபாவளிக்குக்கூடக் கூப்பிடாதவன் 'அங்கிள் எனக்குக் கடவுள் மாதிரி' என்று எழுதியிருந்தான்.

கட்டிலில் இவர் அசைந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஜெய் அனுப்பிய டேப்லெட் அவர் மடியில் இருந்தது. வலது கை வேலை செய்யாது. இடது விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். பிடுங்கப் போனேன், விடவில்லை. கடைசியில் ஒரு படத்தில் விரல் நின்றது. சவேனி கடற்கரையில் இவர் தோளில் ஜெய் ஏறி உட்கார்ந்திருக்கிற பழைய படம். அன்று காலை ஜெய் போட்டது. கீழே இங்கிலீஷில் 'என் ஹீரோ, போய் வாருங்கள்' என்று எழுதி இரண்டு இதயம்.

என் மகனும் கேட்கவில்லை.

இவர் படுத்ததிலிருந்து ஒரே ஒரு வார்த்தைக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுத்த நர்ஸ், எந்த வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டபோது, சுவரில் இருந்த மகன் படத்தைக் காட்டினார். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்து, "ஜெ... ஜெ..." என்று திணறுவார். ஜெய் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்றிருந்தான். மூன்று ஞாயிறு போய்விட்டது. கூப்பிட்டால் சொல்லவேண்டும், அதுதான் அவருக்கு.

'நைனா உயிரோடு இருக்கிறார், உடனே கூப்பிடு' என்று ஜெய்க்கு அனுப்பினேன். அரை மணி கழித்து டேப்லெட் அடித்தது. இவர் அவசரமாகத் தலைமுடியைத் தடவிக்கொண்டார். நான் வாயைத் துடைத்து, தலையணையை உயர்த்தி வைத்தேன். திரையில் என் மகன் வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். பக்கத்தில் மருமகள் ஷானல் இன்னொரு போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நைனா! நீங்க போயிட்டீங்கன்னே நெனச்சிட்டோம்!" குரல் தழுதழுத்தது. எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிப்போனது. இவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. உதடு குவிந்தது.

"ஜெ..."

"எல்லாருக்கும் ஒரு ஹலோ சொல்லுங்க நைனா! முன்னூறு பேர் லைவா பாக்கறாங்க!"

எனக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற சுஷீலா தன் போனைக் காட்டினாள். அதில் இவர் இருந்தார். கோணிய வாய், அவிழ்ந்த பித்தான், கன்னத்தில் காய்ந்த கஞ்சி. அவர் முகத்தின் மேல் சிவப்பு இதயங்கள் பறந்து போய்க்கொண்டிருந்தன. கீழே யாரோ, 'பாவம், ரொம்ப மெலிஞ்சிட்டார்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இவரும் பார்த்துவிட்டார். வாயை மூடிக்கொண்டார்.

"நைனா, ஏதாச்சும் பேசுங்க! நம்ம ஆளுங்கதானே. அம்மா, நைனாவ கேமராவப் பாக்கச் சொல்லுங்க!"

இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். முப்பத்தெட்டு வருஷமாக ஒரு வாழைப்பழம் வாங்கப் போனாலும் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொள்கிற மனுஷன். என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்தது. பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். வந்தது, சொல்கிறேன். டேப்லெட்டை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன். சுஷீலாவையும் அவள் வெள்ளைச் சேலையையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

முற்றத்தில் பூஜைக்கு மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கன்னத்துக் கஞ்சியை ஈரத்துணியால் எடுத்தேன். சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார். பிறகு கவிழ்ந்து கிடந்த டேப்லெட்டின் மேல் இடது கையை வைத்தார்.

"ஜெய்," என்றார். முழுசாக, தெளிவாக.

கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை, என் போன் சிணுங்கியது. 'அம்மா, லைன் கட்டாயிடுச்சு. மறுபடி லைவ் போலாமா? எல்லாரும் நைனா பேசறதக் கேக்கணும்னு வெயிட் பண்றாங்க.'

'நைனா பேசிட்டார்' என்று எழுதி அனுப்பிவிட்டு, பூஜைக்குப் போனேன்.