உள்வரிசையும் வெளிவரிசையும்

சர்வேயர் வந்ததும் கேட்டது ஒரே கேள்விதான். "இதுல நீங்க போட்ட வேலி எதுங்கய்யா?"

கிழக்கு எல்லையில் இரண்டு வரிசை மரங்கள் நின்றன. நடுவே பதினான்கு அடி. அப்பா உள்வரிசையைப் பார்த்தார். வெளிவரிசையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் இது வழக்கம்தான். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் இந்தச் சரிவில் ஒரு வீடு கிடையாது. முதலில் வந்தவர் அப்பா. தனியாளாகப் புதர் வெட்டி, வேர் பிடுங்கி, கல் பொறுக்கி நிலமாக்கினார். பச்சைக் கொம்புகளை நட்டுக் கம்பி கட்டி வேலி போட்டார். கொம்புகள் துளிர்த்து மரமாகிவிட்டன. அப்பேர்ப்பட்டவர் கேட்டைப் பூட்டினோமா என்பதைக்கூட அம்மாவிடம் கேட்பார். மாத்திரை போட்டேனா, மாட்டுக்குத் தண்ணி வெச்சேனா.

"கழுத்துக்குக் கீழதான் உங்கப்பா. மேல நான்" என்பாள் அம்மா. சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார்.

இன்று அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் போட்டது உள்வரிசையாத்தான் இருக்கும். வெளிய இருக்கறது தானா முளைச்சது" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். எங்கள் எல்லை முடியும் இடத்தில் அவர் நிலம் தொடங்குகிறது. அளந்து முடித்ததும் டிராக்டர் விடக் காத்திருந்தார்.

"தானா முளைச்சது வரிசையா நிக்குமா? உங்க வீட்டுப் பிள்ளைங்களே நிக்கறதில்ல" என்றேன்.

அந்தப் பதினான்கு அடிக்குள் ஒரு கல் இருக்கிறது. கல்லுக்குக் கீழே என் அண்ணன். நான் பிறப்பதற்கு முன், பதினோரு மாதத்தில், காய்ச்சலில் போனவன். உள்வரிசைதான் எல்லை என்றால் கல் டிராக்டருக்கு.

"முதல்ல போட்ட வேலிதான் செல்லும்" என்றார் சர்வேயர். "மரம் கம்பியை முழுங்கியிருக்கும். அறுத்துப் பாத்துடலாம்."

உள்வரிசையில் ஒரு மரத்தை அறுத்தார்கள். ரம்பம் கிறீச்சிட்டது. நான்கு விரல் ஆழத்தில் துருப்பிடித்த கம்பி. வெளிவரிசையில் அறுத்தார்கள். அங்கேயும் கம்பி. அதே ஆழம்.

"எத்தனை வேலி போட்டீங்க?"

"ஒண்ணுதான்."

"அப்ப இது?"

அப்பா மரத்தைத் தடவினார். "தெரியலையே."

சர்வேயர் தாள் எடுக்க ஜீப்புக்குப் போனார். பக்கத்து நிலத்துக்காரரும் பின்னாலேயே போனார்.

"வெளிய இருக்கறது நான் போட்டது" என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார்.

"விதைக்குக் காசு சேக்கக் கூலி வேலைக்குப் போனீங்களே, ரெண்டு மாசம். அப்ப நட்டேன். உள்ள இருந்த கம்பியை வெட்டி இதுல கட்டினேன். முடிச்சு மட்டும் அவிழல, விட்டுட்டேன். பிள்ளையை வேலிக்கு வெளிய வெச்சுட்டுப் போயிட்டீங்க."

"உள்ள வெச்சா ஏர் படும்னுதான்."

"அது எனக்குத் தோணல. வெளிய கெடக்குறானேன்னுதான் தோணுச்சு."

அப்பா கல் இருந்த பக்கம் பார்த்தார். "வந்து பாத்தா வெளிவரிசையிலதான் கம்பி ஓடுச்சு, கல்லு உள்ள இருந்துச்சு. வெளியதானே வெச்சோம்னு நினைச்சேன். சரி, எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சுன்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல."

"பிள்ளை போய் மூணு மாசம். உங்கிட்ட அதைப் போய்க் கேக்கவா?"

கேட், மாத்திரை, மாட்டுக்குத் தண்ணீர். நாங்கள் சிரித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

சர்வேயர் தாளோடு வந்தார். "முடிவா எதுங்கய்யா? நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்."

அப்பாவின் கை உள்வரிசை மரத்தின்மேல் இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஞாபகம் சரியில்ல தம்பி. என்னைக்குமே சரியில்ல. அவளைக் கேளுங்க."

சர்வேயர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்த விஷயம்தான்.

"வெளிய இருக்கறது" என்றாள் அம்மா.

சர்வேயர் எழுதினார். பக்கத்து நிலத்துக்காரர் கொஞ்ச நேரம் மரங்களையே பார்த்தார். "இனிமே சண்டைன்னா அண்ணிகிட்டதான் போடணும் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா கடைசியாக நுழைந்தார். கேட்டை இழுத்துச் சாத்தி, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டார். நாலடி நடந்து நின்றார்.

"கேட்டைப் பூட்டினேனா?"

விளையாட்டா, நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"பூட்டினீங்க" என்றாள்.