உரிந்த முகங்களும் ஒரு தீப்பயிற்சியும்

அந்தச் சரும மருத்துவமனையில் அவளுக்கு வெயிலக்கா என்று பெயர். வைத்தவர்கள் அங்கே வருகிறவர்கள்தான். நிறம் வெளுக்க முகத்தில் அமிலம் தடவி மேல்தோலை உரித்துக்கொள்கிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, அடுத்த பதினான்கு நாளுக்கு என்னென்ன செய்யக்கூடாது என்று பாடம் எடுக்கிற நர்ஸ் அவள். உரியும் தோலைப் பிய்க்கக்கூடாது. வெந்நீர் கூடாது. மேக்கப்பை நினைக்கவே கூடாது. வெயில் என்கிற இடம் வந்ததும் அவள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். பேய்க்கதை சொல்கிறவர்கள் அப்படித்தான் தாழ்த்துவார்கள்.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் பட்டாப் போதும், அப்படியே கறுத்துடும். அப்புறம் டாக்டராலயே ஒண்ணும் பண்ண முடியாது."

இது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சன்ஸ்கிரீன் பூசி, அகலமான தொப்பி போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் வெளியே போய்வந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தாள். போன வருடம் ஒருத்தி அந்த ஐந்து நிமிடத்தை அரை நாளாக இழுத்தாள். தோல் உரித்த நாலாம் நாள், நீச்சல் குளத்தின் ஓரத்தில் எண்ணெய் தடவி மல்லாந்து படுத்தாள். கைகால் மட்டும் பொன்னிறமாகப் பழுக்கும், முகம் வெளுத்தே இருக்கும் என்பது அவள் கணக்கு. வெயிலுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. கன்னமெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுத்து வந்து நின்று, மூன்று மாடியும் அதிரக் கத்திவிட்டுப் போனாள். அன்றைக்கே டாக்டரம்மா வெயிலக்காவைக் கூப்பிட்டு, "இனிமே எல்லாரையும் நல்லா பயமுறுத்தி வை" என்று சொல்லிவிட்டார். வெயிலக்கா சொன்ன வேலையைக் குறை வைக்காமல் செய்கிறவள்.

இப்படி இருக்கும்போதுதான் தீப்பயிற்சி வந்தது. மணி அடித்தால் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் நாலு நிமிடத்துக்குள் வெளியே திறந்தவெளியில் நிற்கவேண்டும். இதற்கு முன் ஒரு தடவை தோற்றாகிவிட்டது. இன்னொரு தடவை தோற்றால் மருத்துவமனைக்கு மூன்று மாதம் பூட்டு. "இது உன் பொறுப்பு. பூட்டினாங்கன்னா உனக்கு இங்க வேலை இல்ல" என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். வெயிலக்காவின் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலை மூடி எட்டு மாதம் ஆகிறது. அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. 

தீயணைப்பு அதிகாரி வந்தது வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. வெள்ளிக்கிழமை உரிக்கிற கூட்டம் அதிகம் என்பது அவருக்குத் தெரியாது. புதிதாக உரித்துக்கொண்டவர்களும் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று காட்ட வந்தவர்களுமாகப் பத்தொன்பது பேர் உள்ளே இருந்தார்கள். அவருடைய ஆள் மூன்றாவது மாடியில் பயிற்சிக்கான புகைக் குப்பியைக் கொளுத்தி வைத்தான். அதிகாரி வாசலுக்கு வெளியே போய் நின்று கடிகாரத்தை அழுத்தினார். மணி அலறியது.

முதலில் வெளியேறியவர் டாக்டரம்மா. கறுப்புக் கண்ணாடி போட்ட தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஊழியர்கள் ஓடினார்கள். பத்தொன்பது பேரும் வரிசை குலையாமல் மூன்று மாடி இறங்கினார்கள். வெயிலக்காவுக்கு உயிர் வந்தது. கீழ்த்தள வாசலில் வந்து அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சிமென்ட் முற்றத்தில் கைக்குட்டை அளவு நிழல்கூடக் கிடையாது.

"வாங்க, வெளிய வாங்க" என்றார் அதிகாரி.

முன்னால் நின்றவர் ஒரு வங்கி மேலாளர். நெற்றியில் தோல் சுருள் சுருளாகத் தொங்கியது. "சார், எனக்கு மூணாம் நாள்" என்றார், மாசமாக இருக்கிறவள் சொல்வதுபோல.

"கட்டடம் எரியுதுன்னு வெச்சுக்கங்க."

"எரியலையே சார்."

"எரிஞ்சா?"

மேலாளர் யோசித்தார். "எவ்வளவு எரியுது?" என்று கேட்டார்.

அதிகாரி முப்பது வருடத்தில் எத்தனையோ பேரைத் தோளில் தூக்கி வந்திருக்கிறார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "வெளிய வந்தா அப்படி என்ன ஆயிடும்?" என்றார்.

"கறுத்துடுவோம் சார்" என்றாள் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்.

"கறுத்தா?"

 பத்தொன்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். உடனே பார்வையைச் சுவருக்கும் தரைக்கும் மாற்றிக்கொண்டார்கள். அவர் நல்ல கறுப்பு. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலக்காவும் அதே நிறம்தான். அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது அவளுக்கு. முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இன்னும் ஒரு நிமிடம் பத்து விநாடி இருந்தது.

"நான் சொல்றேன், வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "சன்ஸ்கிரீன் போட்டிருக்கீங்கள்ல? துண்டால மூடிக்கங்க. அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது."

"ஒரு நிமிஷமே போதும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?" என்றாள் கல்யாணப்பெண்.

"அது ஒரு பயத்துக்குச் சொன்னதும்மா."

"அப்ப இது எதுக்குச் சொல்றது?" என்றார் மேலாளர்.

உண்மையைச் சொன்னால் எடுபடவில்லை. நாற்பது விநாடி இருந்தது. வெயிலக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, வராதீங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. உரிச்ச தோல்ல வெயில் பட்டா திட்டுத்திட்டாத்தான் கறுக்கும். புகை பட்டா அப்படி இல்ல. நெத்தியிலேர்ந்து கழுத்து வரைக்கும் ஒரே சீராக் கறுக்கும்."

 "மாடியில புகை போட்டிருக்காங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. படிக்கட்டின் வளைவில் வெள்ளையாக ஒரு கீற்று இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஓட்டம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். கல்யாணப்பெண்ணை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலாளர் பாய்ந்தார். அவரை மிதிக்காத குறையாக மற்றவர்கள் பாய்ந்தார்கள். செத்துப்போவதற்கு அசையாத பத்தொன்பது பேரும் கறுத்துப்போவதற்குப் பயந்து உயிரைக் கொடுத்து ஓடினார்கள். மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.

மணி நின்றது. எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு விழுந்தடித்து மேலே போய்விட்டார்கள். அதிகாரி வரவேற்பு மேசையில் சான்றிதழை விரித்துப் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"அம்மா, அந்தப் புகை விஷயம். நிஜமா?"

வெயிலக்காவுக்குத் திக்கென்றது. பொய் சொல்லி ஓடவிட்டாள் என்று எழுதினால் பயிற்சி செல்லாது, வேலையும் போய்விடும். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போதுதான் அவர் இடது கை அவருடைய கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவர் அதிகாரியாகக் கேட்கவில்லை, தனக்காகக் கேட்டார்.

"முப்பது வருஷமா புகையிலயே நிக்கறேன்" என்றார் மெதுவாக. "பொறந்ததே இந்த நிறம்தான்னு வீட்ல சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

 முகக்கவசத்தைக் கழற்றினாள். "பொய் சார். அவங்களை வெளிய கொண்டுவர வாயில வந்ததைச் சொன்னேன். புகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என்னைப் பாருங்க, நான் எந்தப் புகையில நின்னேன்? இது நம்ம நிறம் சார். இதுல ஒரு குறையும் இல்ல. நீங்க என்ன வேணா எழுதிக்கங்க."

அவர் சான்றிதழைத் தன் பக்கம் இழுத்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, சான்றிதழை அவள் பக்கம் தள்ளினார்.

"மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க, புரியுதும்மா. அங்க நின்னுட்டிருந்தவங்க பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க. விஷயம் இல்லாமலா அந்த ஓட்டம் ஓடுவாங்க?"

"சார், நான் சொல்றதைக் கேளுங்க."

"அடுத்த வெள்ளிக்கிழமை இடம் இருக்கா?"

"சார், பதினாலு நாள் வெயில்லயே போகக்கூடாது. உங்க வேலைக்கு அது எப்படி முடியும்?"

"லீவு கிடக்குது, போட்டுக்கறேன்" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினார். "அதுக்கு நடுவுல எங்கயாவது பெருசாத் தீப்பிடிச்சுக் கூப்பிட்டா மட்டும், எனக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு சீட்டு எழுதித் தருவாங்களா உங்க டாக்டரம்மா?"