ரூத் அழித்த நூற்று நாற்பத்து மூன்று சாவுகள்

"அன்பான வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தது அந்த மெயில். இத்தனை வருஷமாகக் காட்டாத அன்பைத் திடீரென்று காட்டுகிறான் என்றால் எதையோ பிடுங்கத்தான் வந்திருக்கிறான் என்று ரூத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

புதுப்பட்டினம் மார்க்கெட்டை ஒட்டி ஒற்றை ஷட்டர் கடையில் ஜெபா டிஜிட்டல்ஸ் நடத்துகிறவள் அவள். தம்பி ஜோஷ்வாவும் அவளும் மாறி மாறிக் கேமரா பிடிப்பார்கள். எடிட்டிங், லைவ், கம்ப்யூட்டர் எல்லாம் அவள் கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மெயில் அனுப்பிய இந்தக் கம்பெனிக்காரன்தான் "எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், எல்லையே கிடையாது" என்று கூவிக் கூவி, வீடியோக்களைப் போட்டு வைக்க அந்தக் கிளவுட் கணக்கை அவள் தலையில் கட்டினான். அவளும் நம்பி, எடுத்ததையெல்லாம் அங்கேயே ஏற்றினாள். இப்போது எழுதுகிறான், அன்லிமிடெட் திட்டம் நிறுத்தப்படுகிறதாம். அளவுக்கு அதிகமாகப் பயன்படுத்தும் சிலரால் மற்றவர்களுக்குச் சிரமமாம். இனி ஆளுக்கு ஐந்து டெராபைட். அறுபது நாளில் அதற்குள் வராவிட்டால் கணக்கையே மூடிவிடுவானாம். ரூத்தின் கணக்கில் இருந்தது நாற்பத்தோரு டெராபைட்.

"பந்தியில உக்கார வச்சது அவன். இப்ப நீ ரொம்ப துன்றன்னு எலைய உருவுறான்" என்று ஜோஷ்வாவிடம் கத்தினாள். "இதுல நான் சிலராம். இன்னா திமிரு பாரு!"

பேசுவதற்கு ஒரு ஆளைத் தேடினாள். சாட்டில் கீர்த்தனா என்ற பெயரோடு ஒரு மெஷின் வந்து, "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று எட்டுத் தடவை சொன்னது. கம்பெனிக்கு நாவலூரில் ஆபீஸ் இருக்கிறது என்று தெரிந்து பஸ் ஏறிப் போனாள். கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, "அந்த டிபார்ட்மெண்ட் இங்க இல்லியாம்மா, ஆன்லைன்லயே போடச் சொல்றாங்க" என்றார். அவரைத் திட்டி என்ன புண்ணியம்? ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினாள்.

இறக்கி ஹார்டு டிஸ்கில் வைக்கலாம் என்றால் கடையின் இன்டர்நெட் லைனும் பேருக்குத்தான் அன்லிமிடெட். மாதத்தில் பத்து நாள் ஓடும், அப்புறம் எறும்பு ஊர்வதுபோல் ஊரும். ஒரு கல்யாணம் இறங்க மூன்று நாள் ஆனது. அறுபது நாளில் எல்லாம் இறங்காது, எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும்.

"சாவ அழிச்சிடுக்கா" என்றான் ஜோஷ்வா. "எவனாவது ஒருத்தன் வந்து திருப்பிக் கேட்டுகிறானா? கல்யாணத்த அழிச்சா நாளைக்கி சட்டையப் புடிப்பானுங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் குடியிருக்கும் காலனியில் யார் செத்தாலும் ரூத்துதான் லைவ் போடுவாள். துபாயில் இருக்கிற மகனும் ஓசூரில் இருக்கிற தங்கையும் பார்ப்பதற்காக, ஐஸ் பெட்டியில் தொடங்கிக் குழி மூடும்வரை ஓடும். ஊர் பார்க்கும்படி போடக்கூடாது, வீட்டு ஆட்களுக்கு மட்டும் லிங்க். முடிந்ததும் பதிவு நேரே கிளவுடில் போய் உட்கார்ந்துகொள்ளும், வேறு காப்பி கிடையாது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். சாவைக் கொண்டுபோய் யார் வீட்டுக்குள் வைப்பார்கள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆனந்தன் செத்தபோது அவர் மனைவி சந்திரம்மாவிடம் ரூத் ஒன்றை நீட்டினாள். "அத எட்ட வையி, எங்கிட்ட ஏன் தர்ற?" என்று அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

நூற்று நாற்பத்து மூன்று சாவுகள் இருந்தன. அதில் ரூத்தின் அப்பாவும் ஒருவர். அவரை மட்டும் வைத்துக்கொண்டால் நாளைக்கு ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவரையும் சேர்த்தே டிக் செய்தாள். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றாள்.

அழித்ததிலிருந்து பத்தொன்பதாம் நாள் சுடுகாட்டு வழியில் வேலி போட்டுவிட்டார்கள்.

காலனியிலிருந்து சவுக்குத் தோப்பு ஓரமாகப் போகும் மண் தடம் அது. பக்கத்து நிலம் ஊர்த்தெரு ரமேஷுடையது. அங்கே பிளாட் போட்டு வளைவு கட்டிப் பெயர்ப்பலகை மாட்டியவன், தடத்தையும் சேர்த்துக் கல் நட்டுக் கம்பி இழுத்துவிட்டான். போய்க் கேட்டதற்கு, "இங்க வழின்னு ஒண்ணு இருந்ததே இல்லியே. சர்வே படத்துல காட்டுங்க பாப்போம்" என்றானாம். படத்தில் இல்லைதான். பிணம் தூக்கிப் போகிறவர்கள் என்றைக்குப் படம் வரைந்துகொண்டு போனார்கள்? செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் காலனிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். அடுத்த வாரம் விசாரணை, காலகாலமாக அந்த வழியைப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று நோட்டீஸ் வந்தது.

சர்ச் வாசலில் கூட்டம் கூடியது. மனு எழுதிய தேவசகாயம் நிம்மதியாக இருந்தார். "ஆதாரத்துக்கு இன்னா பஞ்சம்? ஒவ்வொரு சாவும் அந்த வழியா போனது ரூத்து கிட்ட கீது. தேதியோட, நேரத்தோட கீது. மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வரலாம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இல்ல" என்றாள். "அழிச்சிட்டேன்."

கம்பெனி, மெயில், ஐந்து டெராபைட் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. செல்போன்களைத் துழாவினார்கள். இருந்த நாலைந்து படங்களில் முகமும் மாலையும்தான் தெரிந்தன, வழி தெரியவில்லை. சந்திரம்மா எழுந்து வந்து ரூத்தின் முன்னால் நின்றாள்.

"கல்யாணத்த வச்சிகினியா?"

"வச்சிகிறேன் பெரீம்மா."

"யார் கல்யாணத்த? அந்த ரமேஷு கல்யாணத்தையுமா?"

"அதுவும் கீது."

"வச்சிக்கோ. பத்திரமா வச்சிக்கோ. எங்க ஆளுங்க செத்ததுதான் உனக்கு பாரமா போச்சி" என்று சொல்லிவிட்டுச் சந்திரம்மா நடந்துவிட்டாள். நீதானே வேண்டாம் என்றாய் என்று ரூத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

மறுநாள் மதியம் கடையை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் ஆத்திரம். பந்தியில் உட்கார வைத்து எழுப்பிவிட்டவன் மேல், சுலபமாக ஒரு யோசனை சொன்ன தம்பி மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். நூற்று நாற்பத்து மூன்று பேரைத் துடைத்தெறிந்துவிட்டு யாரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்? ரமேஷை. கல்யாணம் முடிந்து மூன்று வருஷமாகிறது. பொண்டாட்டி ஏதோ திருத்தம் சொல்வாள், சொல்வாள் என்று இழுத்து இன்னும் ஆல்பம் வாங்க வராதவன். அவன் வந்து கேட்டால் என்ன செய்வது என்று பயந்து, எடிட் செய்ததோடு எடுத்த துண்டு துணுக்கு முழுவதையும் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"உன்னத்தான்டா மொதல்ல அழிக்கணும்" என்று அந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

அழிப்பதற்கு முன்னால் அவன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துத் திட்ட வேண்டும்போல் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங்கில் கைக்கு வந்த ஒரு ஃபைலைத் தட்டினாள். சவுக்குத் தோப்பு. சந்தன நிறச் சட்டையில் ரமேஷ், பக்கத்தில் அந்தப் பெண். கேமரா பிடித்தது ரூத்தேதான். இருவரும் பேசுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்று அவன் கேட்டதால் சட்டையில் மைக் குத்தியிருந்தாள். ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தான். தூரத்தில் மேளம் கேட்டது.

"இன்னா சத்தம் அது?" என்றாள் பெண்.

படத்தின் ஓரத்தில், மரங்களுக்கு இடையில், பாடை ஒன்று நகர்ந்தது. முன்னால் நாலு பேர் மேளம் அடித்துப் போனார்கள். அவர்களைப் பார்த்தபடி ஒருவன் பின்பக்கமாகவே நடந்து படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஜோஷ்வா. ஒரே நாளில் இரண்டு வேலை வந்து, அவனைச் சாவுக்கு அனுப்பிவிட்டு இவள் இங்கே வந்த நாள் அது. ஆனந்தன் செத்த நாள்.

ரமேஷ் திரும்பிப் பார்த்தான். மைக் அவன் நெஞ்சிலேயே இருந்தது.

"அது காலனிக்காரனுங்க பொணம் எடுத்துகினு போற வழி. எங்க தாத்தா காலத்துல இருந்தே அதுலதான் போவானுங்க. போய்த் தொலையட்டும், நாம அப்புறம் எடுத்துக்கலாம். ஏம்மா கேமரா, இத வெட்டிடு."

வெட்டித்தான் எடிட் செய்திருந்தாள். வெட்டியதைத் தூக்கிப் போடவில்லை. ரூத் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் சொல்லி அழுதாள்.

விசாரணையில் ரமேஷ் வக்கீலோடு உட்கார்ந்திருந்தான். ரூத் லேப்டாப்பை மேஜைமேல் வைத்துத் திருப்பினாள். அதிகாரி அம்மாள் ஒரு தடவை பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எப்ப எடுத்தது?"

"ஃபைல்லயே தேதி கீது மேடம்."

ரமேஷ் குதித்தான். "அது என் சொந்த வீடியோ. என்ன கேக்காம எப்டி நீ இங்க கொண்டாரலாம்?"

"மூணு வருஷமா வந்து வாங்கிகினு போன்னு கரடியா கத்துனேன். நீ வர்ல" என்றாள் ரூத். "இப்ப வாங்கிக்கிறியா?"

"அந்தக் குரல் உங்களோடதுதானா?" என்று அதிகாரி கேட்டார். அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் பேப்பரைப் பார்த்தார். நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லும்வரை வழியை அடைக்கக்கூடாது, இன்றைக்கே கம்பியை எடுத்துவிட வேண்டும் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தேவசகாயம் எல்லாருக்கும் டீ சொன்னார். ரூத் டம்ளரை அப்படியே படிக்கட்டில் வைத்தாள். நூற்று நாற்பத்து மூன்று பேர் தோளில் ஏறி அந்த வழியில் போயிருக்கிறார்கள். அவர்கள் போனது சாட்சி இல்லையாம். மாப்பிள்ளைச் சட்டையில் நின்ற ஒருத்தன் "போய்த் தொலையட்டும்" என்று சொன்னது சாட்சியாம். ஜெயித்துவிட்டு வருகிறபோது இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

சந்திரம்மா டீயைத் தொடவில்லை. ரூத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பொட்டிய தொற."

ரூத் படிக்கட்டிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ரமேஷ் கொஞ்சினான், மேளம் கேட்டது, பாடை வந்தது. திரையில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. சந்திரம்மா குனிந்து, அந்தப் பெண்ணின் துப்பட்டாவுக்குப் பின்னால் அது மறையும்வரை பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரு" என்றாள் பக்கத்தில் நின்றவர்களிடம். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, எதையோ வாங்கி முடிந்துகொள்ளப் போகிறவள்போல் ரூத்தின் முன்னால் விரித்து நீட்டினாள்.

"அன்னிக்கி ஒண்ணு நீட்டுனியே, அந்தக் குச்சி. அதுல இத போட்டுக் குடு. வூட்டுலயே வச்சிக்கிறேன். உங்கிட்ட இருந்தா நீ அழிச்சிடுவ."