பிள்ளையார்பாளையத்தில் குடியேறிய புரதம்

2022-ஆம் வருஷம் ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டம்மாள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு புரதம் எழுந்து நின்றது. உயரம் ஒன்பதடி, சுற்றளவு பதினாறடி. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் அது. தூக்குவாளியோடு வரிசையில் நின்ற சனம் அண்ணாந்து பார்த்தது. பார்த்ததே தவிர ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை; கூழை வாங்கிக்கொண்டுதான் மாடி ஏறினார்கள். கோயிலுக்குக் கட்டிய ஜோடனையா என்று அடுத்த வீட்டு அங்கம்மாள் கேட்டாள். பட்டம்மாள் கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு, "எம் பொண்ணு படிப்பு அது. தொடாம பாருங்க," என்றாள். தொடாமல் பார்த்தார்கள்.

யாரோ கம்பி வைத்துக் கட்டிய பொம்மை என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும், மாடிப்படிக்குக் கதவு கிடையாது. அதில் கம்பியும் இல்லை, முடிச்சும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுப் பட்டு நூல், ஒன்றன் வாலில் ஒன்றாகப் பிணைத்த ஒரே சரம், அவ்வளவுதான். புரதம் என்பதும் அப்படிப்பட்ட சரம்தான். அமினோ அமிலம் என்று இருபது வகைத் துண்டுகள் இருக்கின்றன. அவை ஒரு வரிசையில் கோக்கப்பட்டதும் சரம் தானே மடிந்து தனக்குரிய உருவத்தில் நிற்கிறது, நின்ற பிறகு தன் வேலையைப் பார்க்கிறது. பட்டம்மாளின் மகள் தையல்நாயகி இருபது வகைக்கு இருபது நிறம் எடுத்துக்கொண்டாள். அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் என்று தறியில் மிஞ்சிய நூல்களைத் தெரு முழுக்கக் கேட்டு வாங்கி, ஒன்பது நாள் உட்கார்ந்து பிணைத்தாள். கடைசித் துண்டை முறுக்கிக் கையை எடுத்தபோது தரையில் கிடந்த சரம் சிலிர்த்து எழுந்து மடிந்தது. தும்முகிற நேரம்கூட ஆகவில்லை. இதே காரியம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் நொடிக்குக் கோடி முறை நடக்கிறது, அதற்கு யாரும் வாயைப் பிளப்பதில்லை.

அவள் அதை வேடிக்கைக்காகச் செய்யவில்லை, கோபத்தில்தான் செய்தாள். சென்னையில் பேர்பெற்ற ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்தாம் வருஷ ஆராய்ச்சி மாணவி அவள். அங்கே பேராசிரியர் பூவராகவன் என்பவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நொதியின் உருவத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொல்லியிருந்தார். நொதி என்பது வேலைக்காரப் புரதம். இது காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை வாய்க்காலில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரி சுரப்பது; கச்சாப் பட்டின் மேல் ஒட்டியிருக்கும் பசையைக் கடித்துத் தின்னும். சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் பட்டை வேகவைக்காமலே பசை எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் அவருக்கு விருது கிடைத்தது, ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கிடைத்தது, வாசலில் அந்த உருவத்தைப் பித்தளையில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நொதியின் நடுவே ஒரு பொந்து, அதுதான் அதன் வாய். அந்த வாயில் உட்கார்ந்திருப்பது இருநூற்று மூன்றாம் துண்டு என்பது பேராசிரியரின் படம் சொன்ன செய்தி. அப்படியானால் இருநூற்று மூன்றை வேறு வகைத் துண்டாக மாற்றினால் நொதி சாக வேண்டும், அதாவது வேலை நிற்க வேண்டும். ஆனந்தகுமார் என்ற மாணவன் மாற்றிப் பார்த்தான், நொதி சாகவில்லை. உன் கை சுத்தமில்லை என்றார்கள். மூன்று வருஷம் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு, அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். அடுத்து வந்தவளும் அப்படியே போனாள்.

மூன்றாவதாக வந்தவள் தையல்நாயகி. அவள் படத்தின் நடுவைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தாள். அது வீட்டுப் பழக்கம். அவள் அப்பா குப்புசாமி தறி நெய்பவர், அம்மா தெருவுக்கே பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழையதன் இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். நடுவில் பழைய இழை ஒன்றைத் தவறவிட்டுப் போய்விட்டால் அதற்கப்புறம் எல்லாமே ஒன்று தள்ளிப் பிணைந்துவிடும், பிணைப்பவளுக்குத் தெரியாது. ஓரத்துக்கு வந்து பார்த்தால் புதுப் பாவில் ஓர் இழை சேர இடமில்லாமல் தொங்கும். பந்தியில் ஓர் இலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் கடைசியில் ஒருவர் நிற்க வேண்டிவருமே, அதுபோல. அதனால் ஓரத்தை எட்டியதும் பட்டம்மாள் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "மிச்சம் எதனா தொங்குதா?" பன்னிரண்டு வயதில் ஒரு கோடை விடுமுறையில் தையல்நாயகிக்குத் தொங்கியது. ஒரு நாள் வேலையை அழுதுகொண்டே பிரித்தாள். அதன் பிறகு அவள் விட்டதில்லை.

பேராசிரியரின் படத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் துண்டு சேர இடமில்லாமல் தொங்கியது. கடைசித் துண்டு நிலையில்லாமல் ஆடுவதால் தெரியவில்லை என்று கட்டுரையில் ஒரு வரி எழுதி முடித்திருந்தார்கள். தையல்நாயகி அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். ஓரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். நூற்று நாற்பத்தேழாவது இருக்கை அந்த நாளைய கருவியில் மங்கலாக விழுந்திருந்தது. படத்தைக் கோத்தவர் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார். அதற்கப்புறம் அத்தனை பேரும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வாயில் இருக்க வேண்டியது இருநூற்று மூன்று அல்ல, இருநூற்று நான்கு. அவள் நான்கை மாற்றினாள். நொதி அன்றைக்கே செத்தது.

இதை ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயமாக எழுதிக்கொண்டு போனபோது பேராசிரியர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உங்க வீட்டுத் தறிக்கணக்கெல்லாம் இங்க வேணாம்மா. அந்த அத்தியாயத்தை எடுத்துடு. நாளைக்கே கையெழுத்துப் போடறேன்," என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு உள்ளே போகாது. ஐந்து வருஷம் வீண், டாக்டர் பட்டம் கனவு. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆனந்தகுமார் கழுவிக் கழுவித் தோல் உரிந்த கைகள் ஞாபகம் வந்தன. "எடுக்க மாட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினாள். வாலாஜாபாத் வரை அழுதாள், அதற்கப்புறம் எந்த நிறம் யார் வீட்டில் கிடைக்கும் என்று யோசித்தாள்.

அவள் நூலில் பிணைத்தது இந்த நொதியைத்தான். எழுந்து நின்ற புரதத்தின் வாயில் கிளிப்பச்சை உட்கார்ந்திருந்தது. அதுதான் இருநூற்று நான்கு. அரக்கு நிறத்து இருநூற்று மூன்று பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி சும்மா இருந்தது. அத்தோடு விடாமல் புரதம் வேலையும் செய்யத் தொடங்கியது. அங்கம்மாள் மாடிக் கைப்பிடியில் போட்டுவைத்த கச்சாப் பட்டுச் சிட்டம், கம்பிபோல விறைத்துக் கிடந்த நூல் கற்றை, மதியத்துக்குள் பசைவிட்டுப் பளபளத்தது. வாரத்துக்குள் தெருவே சிட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது. பக்கவிளைவு இல்லாமல் இல்லை; பசையும் புரதம், பருப்பிலும் பாலிலும் இருப்பதும் புரதம். சுற்று வீடுகளில் பருப்பு பாதி நேரத்தில் வெந்தது, தயிர் சரியாக உறையவில்லை. தயிர் வேண்டியவர்கள் இரண்டு தெரு தள்ளிச் சொந்தக்காரர் வீடுகளில் உறை ஊற்றி வாங்கிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனந்தகுமார் பஸ்ஸேறி வந்து கிளிப்பச்சையைப் பார்த்துக்கொண்டே நிற்பான், காபி குடித்துவிட்டுப் போவான்.

சேதி சென்னைக்குப் போக ஒன்பது மாதம் ஆயிற்று. அடுத்த சித்திரையில், அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள், மதியம் பன்னிரண்டு மணிக்குப் பேராசிரியர் இரண்டு மாணவர்களோடு வந்து இறங்கினார். நேரத்தைத் தெரிந்தேதான் குறித்திருக்க வேண்டும். சூடு ஏறினால் எந்த நொதியும் உருக்குலையும் என்று அவருக்குத் தெரியாததா? அந்த வாரம் முழுக்க நண்பகலில் புரதம் அவிழ்ந்து தரையில் விழுந்துவிடும். தெருக்காரர்கள் கீற்றுப் பந்தல் போட்டும் பயனில்லை. கிடந்த குவியலைச் செருப்பு நுனியால் காட்டி, "இதுவா உன் ஆதாரம்? அழுக்குத் துணி மாதிரி கிடக்குது," என்றார்.

"வெயில் இறங்கட்டும் சார். உக்காருங்க," என்றாள் தையல்நாயகி.

அவர் உட்காரவில்லை. மாணவர்களை ஏவி, தம் படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தத் தளர்ந்த சரத்தைத் தம் உருவத்தில் மடித்துக் கட்டச் சொன்னார். கொண்டுவந்திருந்த கம்பியும் கிளிப்புமாக நாலு மணிநேரம் கட்டினார்கள். வாயில் அரக்கை உட்கார்த்தினார்கள். ஓரத்தில் கடைசித் துண்டு தொங்கியது, அதைக் கம்பியில் சுற்றி மறைத்தார்கள். கீழே குப்புசாமியின் தறிச் சத்தம் நின்றது. அவரும் ஏறிவந்து பார்த்தார். தெருச் சனம் பந்தலைச் சுற்றி நின்றது. பொண்ணு படிப்பு போச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். தையல்நாயகி தடுக்கவில்லை. தடுத்தால் நூலை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று பிறகு அம்மாவிடம் சொன்னாள். அங்கம்மாள் ஒரு சிட்டத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். ஐந்து மணிவரை அது கம்பியாகவே கிடந்தது.

ஐந்தேகாலுக்குக் காற்று திரும்பியது. முதல் கிளிப்பு தெறித்துப் பேராசிரியரின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்துத் திரும்ப மாட்டினார். இன்னொன்று தெறித்தது. பிறகு எண்ண முடியவில்லை. ஆலங்கட்டி மழைபோலக் கிளிப்புகள் கொட்டின, கம்பிகள் வளைந்து நழுவின, சரம் உடம்பை உதறிக்கொண்டு எழுந்து தன் வழியில் மடிந்து ஒன்பதடி நின்றது. வாயில் கிளிப்பச்சை. அங்கம்மாளின் சிட்டம் இளகத் தொடங்கியது. பட்டம்மாள் கேட்டாள்: "இன்னா சார், அது எங்க குந்தணும்னு அதுக்குத் தெரியாதா?"

பேராசிரியர் குப்புசாமி நீட்டிய மோரைக் குடித்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலை ஆய்வுக்கூட வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பித்தளை உருவம், நூற்று நாற்பத்தேழிலிருந்து ஒவ்வோர் உருண்டையாக ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது; ஓரத்தில் எதுவும் தொங்கவில்லை. காவலாளி முனிரத்தினம் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிவைத்தார். கொல்லரை அழைத்துப் பழையபடி வளைத்தார்கள். அடுத்த நாளும் நகர்ந்தது. மூன்றாம் நாள் கொல்லர், இது தன் வேலையில்லை என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் பேராசிரியர் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்று விரல்விட்டு எண்ணினார் என்கிறார் முனிரத்தினம். எண்ணி முடித்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலையில் ஆய்வேடு கையெழுத்தாகி வந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. அதன் முதல் வரியில் தையல்நாயகி எழுதிவைத்த ஆனந்தகுமாரின் பேரும் அப்படியே இருந்தது.

பட்டம் வாங்கிய பிறகு தையல்நாயகி வேறு ஊருக்குப் போகவில்லை. தெருவிலேயே ஓர் ஆய்வறை வைத்து, அண்டாச் சூட்டிலும் அவிழாத நொதி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். புரதம் மாடியில்தான் இருக்கிறது. மின்சாரக் கணக்கு எடுக்க வருபவர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். மழைக்காலத்தில் அதன் மேல் காக்கை உட்கார்கிறது. பைண்டு செய்த ஆய்வேடு வந்த அன்று தையல்நாயகி அதை அம்மா மடியில் வைத்தாள். பட்டம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, சாம்பல் ஒட்டிய விரலை ஓரமாக ஓட்டி, "மிச்சம் எதனா தொங்குதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் தொங்கலமா," என்றாள் மகள். அதற்குள் கீழே அடுப்பில் பருப்பு வழக்கம்போலச் சீக்கிரமே வெந்துவிட்டிருந்தது. இருவரும் சாப்பிட இறங்கினார்கள்.