ஐந்தாம் துப்பாக்கிக்கு எழுதிய அட்டை

1

இக்கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அப்பொய்யை எழுதியவனும் நானே. அது மூன்று வாக்கியங்களே உடையது. உள்ளங்கை அளவுள்ள ஓர் அட்டையில் கறுப்பு மையால் பிழையின்றி எழுதப்பட்டது. முப்பத்து நான்காம் அகவையில் முதியோர் கல்வி வகுப்பில் அகரம் கற்ற ஒருவன் எழுதியது என்று அதைக் கண்ட எவரும் கூறார்.

அம்மூன்று வாக்கியங்களைத் திருத்தும் பொருட்டே இத்தனை வாக்கியங்களை எழுதுகிறேன். முதல் வரைவு பின்வருமாறு தொடங்கிற்று:

பின்னலாடைத் தொழிலாற் புகழ்பெற்ற திருப்பூரில், 1993ஆம் ஆண்டு, பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்கும் கொடிய செல்வர் ஒருவர்

(இதனை இவ்விடத்திலேயே கைவிடுகிறேன். ‘கொடிய’ என்னும் சொல் எனக்கு வசதியாக இருந்தது; உண்மையாக இருக்கவில்லை.)

2

செங்கோட்டையன் என் முதலாளி, பனியன் ஏற்றுமதியாளர். ஆடைக் கண்காட்சியின் பொருட்டு வெளிநாடு சென்றவர், அங்கே ஒரு பழம்பொருட் கடையில் படைத்துறையின் சுழல் கைத்துப்பாக்கிகளைக் கண்டார். (நான் இவ்வாறு எழுதுகிறேன். கம்பெனியில் அனைவரும் ‘ரிவால்வர்’ என்றே கூறினர்.) அன்று முதல் அவற்றை ஒவ்வொன்றாக வரவழைத்தார். உரிமம், பழமைச் சான்று, சுடும் ஆற்றல் நீக்கப்பட்டமைக்குச் சான்று, சுங்க அலுவலகத்துக் கடிதங்கள் என ஒரு துப்பாக்கிக்கு ஓராண்டு கழியும். அத்தாள்களைக் கோப்பில் அடுக்குவது எழுத்தனாகிய என் கடமை.

பெட்டி வந்ததும் அவரே பிரிப்பார். வெட்டுமேசையில் மிஞ்சிய பனியன் துண்டால் எண்ணெயைத் துடைப்பார். துப்பாக்கியின் உடற்சட்டகத்தில் பொறித்த எண்ணும் குண்டு உருளையில் பொறித்த எண்ணும் ஒன்றாயிருந்தால், தேர்வில் வென்ற மாணவனைப்போல் என்னை நிமிர்ந்து நோக்குவார்.

முதல் நான்கு துப்பாக்கிகளுடன் அட்டைகள் வந்தன: ஏந்தியவர் யார், எந்தப் போர், எந்த ஆண்டு. ஐந்தாவதற்கு அட்டை இல்லை. ஆங்கிலேயப் படையின் முத்திரையாகிய கோழிக்கால் போன்ற ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் மட்டுமே இரும்பில் இருந்தன.

“கதையில்லாத ரிவால்வர் வெறும் இரும்பு, ஆத்தப்பா.”

“கடைக்காரருக்கு எளுதிக் கேக்கலாமுங்க.”

“கேட்டாச்சு. தெரியாதுன்னுட்டான். நம்ம பக்கம் பட்டாளத்துக்குப் போனவங்க ஆராச்சும் இருக்காங்களா?”

“உங்க ஊட்டுல ஆரும் போகலீங்களா?”

“எங்க ஊட்டுல பழசுன்னு என்னப்பா இருக்குது? எல்லாம் நேத்து வாங்குனது.” இதனைக் கூறிவிட்டு அவர் தனியாகச் சிரித்தார். ‘கொடிய’ என்பதை நான் அடித்தது இச்சிரிப்பின் பொருட்டே.

3

சென்னம்மாள் சோதனைப் பிரிவில் பணியாற்றினார். தைத்து முடிந்த ஆடையில் ஓட்டையும் கறையும் காண்பது அப்பணி. அறுபது வயதிலும் அவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கப்பல் ஏறியதில்லை. அவர் தந்தை மடத்துக்குளம் கன்னையன், இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் கோவேறு கழுதை ஓட்டியவர். சென்னம்மாளுக்கு ஒன்பது வயதானபோது ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. யாரோ அதனைப் பார்த்து, “ஆள் இல்லையாம்” என்றார். எங்கே, எவ்வாறு என்பதை எவரும் கூறவில்லை. உணவு வேளையில் இதனை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் கேட்டிருக்கிறேன்.

கேட்டவன் ஐந்தாம் துப்பாக்கிக்கு எழுதிய அட்டை இது:

மடத்துக்குளம் கன்னையன் அவர்கள் ஏந்திய கைத்துப்பாக்கி இது. பர்மாப் போர்க்களத்தில் பகைவர் சூழ்ந்த வேளையில் ஆறு குண்டுகளையும் செலவிட்டுத் தம் தோழர் நால்வரைக் காத்தார். ஏழாவது குண்டின்றி வீழ்ந்தார்.

* ‘ஏழாவது குண்டின்றி’ என்னும் தொடருக்காக இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டேன். இன்றும் அத்தொடர் நன்றாகவே உள்ளது. அதுவே என் வெட்கம்.

* இவ்வகைத் துப்பாக்கி அதிகாரிகளுக்கு உரியது. கழுதை ஓட்டியவருக்குத் தும்புக் கயிற்றைத்தான் கொடுத்திருப்பர். இதனை நான் அறிந்தே எழுதினேன்.

முதலாளி இருமுறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மெய்யா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இக்கதைக்கு வேலை இல்லை.

சென்னம்மாளுக்கு எழுத்து தெரியாது. சோதனைப் பிரிவினர் முதலாளியின் அறைக்குள் வருவதும் இல்லை. ஆதலால் எனக்கு அச்சமில்லை. ஆண்டில் ஒரு நாளை மட்டும் நான் மறந்துபோனேன்.

4

ஆயுத பூஜை. இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாயிற்று. கத்தரிகள், ஊசிகள், அளவு நாடாக்கள் முதலாளியின் அறையில் மேசைமேல் வைக்கப்பட்டன. “ஆயுதம்னா இதுவும் ஆயுதந்தானே” என்று அவர் தம் ஐந்து துப்பாக்கிகளையும் அட்டைகளோடு அவற்றின் நடுவே வைத்தார். பொரி வாங்க எல்லாப் பிரிவினரும் வரிசையாக உள்ளே வந்தனர்.

வெட்டுப் பிரிவின் மாஸ்டர் பெரியகருப்பன் தெற்குச் சீமைக்காரர், வாய் ஓயாதவர். “மொதலாளி, இனிமே பனியன் வேணாம்னு எவனும் திருப்பி அனுப்ப மாட்டாம்ல!” என்றார். அறை சிரித்தது. அவர் குனிந்து ஓர் அட்டையைப் படித்தார். பிறகு திரும்பிக் கூவினார்: “யக்கா, சென்னம்மாக்கா! இங்கன வாங்க! உங்கய்யா பேரு போட்ருக்கு!”

சென்னம்மாள் முந்தானையில் பொரியை ஏந்தியபடி வந்தார். அட்டையைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்த்தார், ஆடையில் ஓட்டை தேடுவதைப்போல.

“எங்கய்யன் கழுதைதானுங்க ஓட்டுனாரு? துப்பாக்கி எப்பக் குடுத்தாங்க?”

பிடியின் அடியிலிருந்த இரும்பு வளையத்தை அவர் விரலால் தொட்டார்.

“இந்த வளையம் எதுக்குங்க?”

“கவுறு கட்டிக் கழுத்துல மாட்டிக்குவாங்க” என்றார் முதலாளி. “சண்டையில தொலஞ்சு போயிறக் கூடாதுல்ல.”

சென்னம்மாள் தலையசைத்தார்.

“துப்பாக்கி தொலையக் கூடாதுன்னு கவுறு கட்டியிருக்காங்க. ஆளத் தொலச்சுப்போட்டாங்க.”

பின்னர் என் பக்கம் திரும்பினார். “நீதான எளுதுன? படி கண்ணு.”

(முதல் வரைவில் முதலாளி என்னை முறைத்து மிரட்டியதாக எழுதினேன். அவர் மிரட்டவில்லை. அவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

“மடத்துக்குளம் கன்னையன் அவர்கள்...” என்று படித்தேன்.

“மறுக்காப் படி.”

“மடத்துக்குளம் கன்னையன் அவர்கள்.”

“அவர்கள்னா போட்டிருக்குது?”

“ஆமாங்க்கா.”

“எங்கய்யன அப்படி ஆரும் சொன்னதில்ல.” பிறகு, “அப்புறம்?” என்றார்.

5

இவ்விடத்தில் கதையை நிறுத்துகிறேன். வாசகர் பொறுத்தருள்க.

அதற்குப் பத்தாண்டுகள் முன்பு எனக்கு ஒரு தந்தி வந்தது. அக்காலத்தில் நான் எழுத்தறியாதவன். கம்பெனி நேரக்காப்பாளர் வெள்ளையன் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு ஒடம்பு சொகமில்லையாமா. போயிட்டு வா” என்றார். நான் ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு உடுமலைப் பேருந்தில் ஏறினேன். பிழிந்து வடிகட்டிக் கொடுக்க ஊரில் வெள்ளைத்துணி கிடைக்குமா என்று வழியெல்லாம் எண்ணிச் சென்றேன். தெருமுனையில் பாடை கட்டிக்கொண்டிருந்தனர்.

வெள்ளையன் இரக்கத்தால் பொய் படித்தார். உலகமெல்லாம் அறிந்த பின்னும் என் தாய் எனக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் உயிரோடு இருந்தார். அந்நேரம் அவர் எனக்கு அளித்ததா, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதா என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த மாதம் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இனி என் தாளை நானே படிப்பேன் என்று. பிறர் தாளை எவ்வாறு படிப்பது என்பதை அவ்வகுப்பில் கற்பிக்கவில்லை.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முழுவதையும் படித்துவிடுகிறேன். சென்னம்மாள் துப்பாக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். ஆண்டுதோறும் அதற்குப் பூ கொண்டுவருகிறார். கழுதையின் தும்பைப் பிடித்து நடந்த அந்த மனிதர், அவர் மகள் அறிந்த ஒரே கன்னையன், என் சொற்களுக்கு அடியில் இரண்டாம் முறை தொலைந்துபோகிறார்.

அல்லது, “பொய்யுங்க்கா” என்கிறேன், வரிசையில் நிற்கும் நாற்பது பேர் முன்னிலையில். உடனே அட்டை வெறும் தாளாகிறது. ‘அவர்கள்’ என்பதும் அதனோடு

(இதனை முடிக்க இயலவில்லை.)

மூன்றாவதாக ஒன்றும் எழுதினேன். சென்னம்மாளுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவர் புன்னகைத்து என்னை மன்னிக்கிறார். மிக அழகாக வந்தது. கிழித்துவிட்டேன். அது அவருக்காக எழுதிய முடிவன்று, எனக்காக எழுதியது.

7

அன்று நான் எதைப் படித்தேன் என்பதை இங்கு எழுதப் போவதில்லை. எதைப் படித்திருந்தாலும் எழுதும்போது அதனை அழகாக்கிவிடுவேன். ஏழாவது குண்டை எழுதிய கை இது, இன்னும் மாறவில்லை.

அட்டை மூன்றாம் பகுதியில் உள்ளது. அவருக்கு எழுத்து தெரியாது, உங்களுக்குத் தெரியும்; அட்டை இப்போது உங்கள் கையில். பின்னால் வரிசை நிற்கிறது. சென்னம்மாள் முந்தானைப் பொரியைக் கீழே சிந்தாமல் பிடித்தபடி பார்க்கிறார். அட்டையையல்ல, உங்கள் முகத்தை.

“அப்புறம்?” என்கிறார்.