சாம்பல் நிரவிய மைதானம்

ஸஜீதா மதினிக்கு நோவு தொடங்கிப் பத்தொன்பது மணித்தியாலம் ஆகியிருந்தது. குழந்தையின் தலை இன்னும் மேலேதான் இருக்கிறது என்று போன கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எல்கடுவ வீதியை மண்சரிவு மூடிவிட்டதால், மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹெலிகொப்டர் வருவதாகச் செய்தி கிடைத்தது. மதினியைப் பாடசாலை வகுப்பறையில் படுக்க வைத்தோம்.

ஹெலிகொப்டர் இறங்க வேண்டிய மைதானம் மழையில் முழுக்கக் குழி. மதினியின் கணவர், என் மூத்த சகோதரர் அன்ஸாப் நானா, ஆட்களைச் சேர்த்துத் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புச் சாம்பலை மூட்டை மூட்டையாகக் கொட்டி நிரவினார். விளையாட்டுப் போட்டிக்கு முன் இங்கே எப்போதும் செய்வதுதான். பிள்ளைகள் ஓடினால் தாங்கும்.

ஹெலிகொப்டரைத் தாங்கவில்லை. தரையைத் தொட்டதும் வலது சில்லு சாம்பலுக்குள் புதைந்தது. உடம்பு மெல்லச் சரிந்தது. சுழன்ற இறக்கை மண்ணில் அடித்து முறிந்தது. மேல்பக்கக் கதவைத் திறந்து இரண்டு விமானிகளும் ஒரு பெண் டொக்டரும் வெளியே ஏறி வந்தார்கள். டொக்டரின் நெற்றியில் மட்டும் சின்னக் காயம்.

என்ன சத்தம் என்று மதினி கேட்டார். ஹெலிகொப்டர் இறங்கிய சத்தம் என்றார் உம்மா. அதில் பொய் இல்லை.

டொக்டர் தர்ஷிகா யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் கை கழுவிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அவவுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. பயந்தால் முக்க மாட்டா.”

பிறகு மேசைகளைச் சேர்க்கச் சொன்னார். மதினியின் முழங்காலைப் பிடிப்பது நாத்தனாரான என் வேலை. நான் படித்த விலங்கியல் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. முதலில் கால்கள் வந்தன. தலை வர நேரமானது. டொக்டர் அவசரப்படவில்லை. வெளியே வந்ததும் குழந்தை அழுதது. பெண் குழந்தை.

நானா அதன் காதில் பாங்கு சொன்னார். குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. உம்மா விமானிகளுக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டு வந்தார். நானாவுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கம், குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி முகம் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்து, எழுந்து உட்காரப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது வானத்தில் போகப்போகிற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

“பாவம், ஹெலிக்காரங்க எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பாங்க? என்னைத் தூக்குங்க, போவோம்.”

உம்மா நானாவைப் பார்த்தார். நானா டொக்டரைப் பார்த்தார். டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நாலு பேர் கூடிய இடத்தில் நான் பேசுவதே இல்லை.

“மதினி,” என்றேன், “அது இறங்கும்போதே கவுந்துடுச்சு.”