மூங்கில் கொடியைத் தொட்ட வள்ளம்

திருவிழா முடிந்த மறுநாள் ஊரில் வள்ளப் போட்டி. படமெடுக்கும் பொறுப்பைத் தேவாலயப் பங்குப்பேரவை லிஜாவிடம் கொடுத்திருந்தது. குழித்துறை ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள் அவள். 2014-இல் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தாள். கணவன் பிரைட்டன் கீழத்தெரு வள்ளத்தில் முன்வரிசைத் துடுப்புக்காரன்.

அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போட்டிருந்த தூண்டில் வளைவின் கடைசிப் பாறையில் நின்று முதல் சுற்றை எடுத்துப் பார்த்தாள். அதற்கு நேரே கடலில் மூங்கில் நட்டுக் கட்டியிருந்த கொடிதான் எல்லை. கையிலிருந்த நீள லென்சை முழுதாக நீட்டியும் வள்ளங்கள் எறும்பு போலத்தான் தெரிந்தன. இறுதிச் சுற்றுக்கு முன் கேமராவைக் கிராப் மோடுக்கு மாற்றினாள். அதில் ஓரங்கள் போய், நடுப்பகுதி மட்டும் படமாகும். அதைப் பிறகு கம்ப்யூட்டரிலும் வெட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் இதில் ஃபோகஸ் புள்ளிகள் சட்டத்தின் ஓரம்வரை எட்டின. படங்களும் இன்னும் வேகமாக அடுத்தடுத்து விழுந்தன.

கீழத்தெருவும் மேலத்தெருவும் ஒட்டி வந்தன. விரலை எடுக்காமல் அழுத்தினாள். அதே நேரம் ஓர் அலை எழும்பி, கொடியருகே படகில் நின்ற நடுவர் ஞானதாசனின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது இரண்டு வள்ளமும் கொடியைத் தாண்டியிருந்தன.

கரையில் இரண்டு தெருவும் ஜெயித்துவிட்டன. பரிசுக் கிடாவின் கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஞானதாசன் லிஜாவைக் கூப்பிட்டுவிட்டார்.

வரும் வழியிலேயே அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேலத்தெரு வள்ளத்தின் மூக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. படம் தெளியவில்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டத்தில் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு நின்ற பிரைட்டனை ஒருமுறை பார்த்துவிட்டு, கேமராவை ஞானதாசனிடம் நீட்டினாள். கிராப் மோடில் எடுத்தது என்பதையும் சொன்னாள்.

பிரைட்டன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

“ஏட்டி, கிராப்புன்னா வெட்டுறதுதானே? எங்க வள்ளத்துக்க மூக்கையும் சேத்து வெட்டிப்போட்டியா?”

“வெட்டினது ரெண்டு பக்கத்துலயும் உள்ள கடலைத்தான். கொடியும் ரெண்டு மூக்கும் உள்ளேதான் நிக்கு. நல்லா பாருங்க.”

அவன் பார்த்தான். முந்தின படத்தையும் அடுத்த படத்தையும் பார்த்தான். பிறகு கிடாவின் கயிற்றை விட்டான். அவன் விட்டதும் கீழத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். அவன் பெண்டாட்டியே அவனைத் தோற்கடித்துவிட்டதாக யாரோ சொல்ல, முதலில் சிரித்தது கீழத்தெருதான்.

மேலத்தெருவின் தலைவர் கிளீட்டஸுக்குத்தான் நம்ப முடியவில்லை. படம் தங்களுக்கு எதிராகத்தான் இருக்கும் என்று சண்டைக்கு ஆயத்தமாக வந்தவர் அவர். சாயங்காலம் அவரே பிரைட்டனின் வாசலில் வந்து நின்று, இரண்டு பேரையும் கிடாக்கறிச் சோற்றுக்குக் கூட்டிப்போனார். அதுவரை பிரைட்டன் லிஜாவிடம் முகம் கொடுக்கவில்லை. முதல் வாய்ச் சோறு இறங்கியதும், கறியில் காரம் போதாது என்று அவள் காதில் முணுமுணுத்தான்.

பந்தியின் நடுவே கிளீட்டஸ் வந்து குனிந்தார். “மக்கா லிஜா, அடுத்த மாசம் எனக்க மவளுக்குக் கோயில்ல புதுநன்மைச் சடங்கு. நீதான் வந்து படம் எடுக்கணும்.”

லிஜா வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் பிரைட்டன் முந்திக்கொண்டான்.

“அவ வருவா. நானும் வருவேன்” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கறிக்கு இலையைக் காட்டினான்.